செருகிய கார்டு எங்கே தொலைகிறது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதையொட்டி வீடுகளிலும் அலுவலகங்களிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் ஏராளமான லேப்டாப்கள் விண்டோஸ் 11க்கு மாறியிருக்கின்றன. மாற்றிய அன்றே திரை, ஒலி, வைஃபை எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுகிறோம். லேப்டாப்பின் விளிம்பில் இருக்கும் மெமரி கார்டு ஸ்லாட் அன்றைக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கல்யாணமோ காதுகுத்தோ முடிந்து, கேமராவிலிருந்து கார்டைக் கழற்றிச் செருகும் நாளில்தான் தெரிகிறது, அது வேலை செய்யவில்லை என்று. புதிய டிரைவ் எதுவும் தோன்றாது. ஒலி எழாது. பிழைச் செய்திகூட வராது. லினக்ஸில் கெர்னலைப் புதுப்பித்தவர்களில் பலரும் இதே அமைதியைச் சந்தித்திருப்பார்கள்.

உடனே இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறோம். கார்டு போய்விட்டது, அல்லது ரீடர் போய்விட்டது. நேற்று வரை ஓடிய ரீடர், இயங்குதளத்தை மாற்றிய கையோடு நின்றிருந்தால், பெரும்பாலும் இந்த இரண்டு முடிவும் தவறு. அப்கிரேட் செய்யும்போது ஸ்லாட்டின் செம்புத் தொடுமுனைகளை யாரும் தொடவில்லை. மாறியது மென்பொருள் மட்டுமே. கார்டுக்கும் திரைக்கும் நடுவே உள்ள ஏதோ ஒரு கட்டத்தில் தகவல் அறுந்திருக்கிறது. அது எந்தக் கட்டம் என்று கண்டுபிடித்துவிட்டால், பல நேரங்களில் ஒரு ரூபாய் செலவில்லாமல் சரியாகிவிடும்.

அதற்கு முன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். கார்டில் இருப்பவை வேறெங்கும் நகல் இல்லாத படங்கள் என்றால், பழுது தேடும் சோதனைகளை அந்தக் கார்டை வைத்துச் செய்யாதீர்கள். கேமராவையே யுஎஸ்பி கேபிளில் இணைத்து படங்களை இறக்குங்கள். இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கார்டு ரீடர் ஒன்றை வாங்கி, அதன் வழியாகப் பிரதி எடுங்கள். பெரிய எஸ்டி கார்டு என்றால், எடுப்பதற்கு முன் அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பிளாஸ்டிக் பொத்தானை 'லாக்' பக்கம் தள்ளிவிடுவது நல்லது. ஆனால் அந்தப் பொத்தானை முழுக்க நம்பிவிட வேண்டாம். அது கார்டின் உள்ளே எந்தச் சுற்றோடும் இணைந்தது அல்ல. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஸ்லாட்டில் உள்ள ஒரு சிறு சுவிட்ச் தடவிப் பார்த்துக் கணினிக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். எழுதாமல் இருப்பது கணினியின் கையில்தான் இருக்கிறது. பழைய ஸ்லாட்டுகளில் அந்தச் சுவிட்ச் தேய்ந்துபோனால், பூட்டாத கார்டைப் பூட்டியதாகச் சொல்லும். பூட்டிய கார்டில் எழுதவும் விடும்.

படங்கள் பத்திரமான பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பல்லாயிரம் ரூபாய் லேப்டாப்பில் உள்ள ரீடர் படிக்காத கார்டை, மொபைல் கடையில் வாங்கிய மலிவு ரீடர் செருகிய நொடியே எப்படிப் படித்தது? இரண்டும் அதே லேப்டாப்பில், அதே விண்டோஸில்தான் இருக்கின்றன. இந்தக் கோளாறின் அறிவியல் முழுவதும் இந்தக் கேள்விக்கான பதிலில் அடங்கியிருக்கிறது.

வெளியிலிருந்து இணைக்கும் ரீடருக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அது ஒரு பக்கம் கார்டோடு எஸ்டி நெறிமுறையில் பேசும், மறுபக்கம் கணினியோடு யுஎஸ்பியில் பேசும். கணினியிடம் அது தன்னைக் கார்டு ரீடர் என்று அறிமுகப்படுத்திக்கொள்வதே இல்லை. 'நான் ஒரு சேமிப்பு வட்டு' என்று மட்டும் சொல்கிறது. பென் டிரைவும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் சொல்வதும் அதையேதான். யுஎஸ்பி சேமிப்புக் கருவிகள் எல்லாம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கான பொதுத் தரம் 1990களின் இறுதியிலேயே எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தரத்துக்கான டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் கூடவே வருகிறது. யார் செய்த ரீடர், எந்த ஆண்டு ரீடர் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டல்ல. இயங்குதளம் பத்து முறை மாறினாலும் அந்த உரையாடல் அறுவதில்லை.

லேப்டாப்பின் உள்ளே பதித்த ரீடர்களில் ஒரு வகை இதே யுஎஸ்பி வழியைத்தான் பயன்படுத்துகிறது. மதர்போர்டுக்குள்ளேயே ஒரு யுஎஸ்பி இணைப்பில் அது தொங்கிக்கொண்டிருக்கும். இவை அப்கிரேடில் தப்பிப் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. இன்னொரு வகை பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற உள்தடத்தில் நேராக அமர்ந்திருப்பது. இந்த வழியைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் இருந்தது. யுஎஸ்பி 2.0 நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 40 மெகாபைட்டைத் தாண்டாது. யுஎச்எஸ்-1 வகை எஸ்டி கார்டுகளோ நொடிக்கு 104 மெகாபைட் வரை கொடுக்கக்கூடியவை. பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறைத் தடம் ஒன்றே நொடிக்கு 250 மெகாபைட்டைத் தாங்கும். எனவே வேகமான கார்டுகளுக்கு அதுவே பொருத்தமான வழி.

வேகத்தோடு ஒரு சிக்கலும் சேர்ந்து வந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் வரும் எஸ்டி ரீடர்களுக்கும் ஒரு பொதுத் தரம் உண்டு. எஸ்டிஎச்சிஐ என்று பெயர். எஸ்டி சங்கம் வகுத்தது. சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்றும் 1999இல் எஸ்டி கார்டை உருவாக்கி, அடுத்த ஆண்டு தொடங்கிய சங்கம் அது. இந்தத் தரத்தைப் பின்பற்றும் சிப்புக்கு இயங்குதளத்தின் பொது டிரைவரே போதும். ஆனால் லேப்டாப்களில் மிகப் பரவலாக இருக்கும் ரியல்டெக்கின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ரீடர் சிப்புகள் இந்தத் தரத்தில் பேசுவதில்லை. அவற்றுக்குத் தனிப் பதிவேடுகள், தனிக் கட்டளைகள், தனி டிரைவர். அந்த டிரைவர் இல்லாத கணினிக்கு அந்தச் சிப் வெறும் பெயர் தெரியாத சாதனம். லினக்ஸில் பிசிஐ சாதனங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால், ரியல்டெக் ரீடர்கள் பெரும்பாலும் 'வகை ஒதுக்கப்படாதது' என்ற தலைப்பின் கீழ் வருவதைக் காணலாம். பொதுத் தரம் கையில் இருக்கும்போது தனிவழி போனதன் விலையை ஒவ்வொரு அப்கிரேடிலும் பயனர்தான் கொடுக்கிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டிரைவர் என்பது சிப்பின் குணங்களை அறிந்த ஒரு மென்பொருள். எந்தப் பதிவேட்டில் என்ன எண்ணை எழுதினால் கார்டுக்கு மின்சாரம் போகும், எத்தனை மில்லிநொடி காத்திருக்க வேண்டும், எந்தக் கம்பி 'கார்டு வந்துவிட்டது' என்று சொல்லும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இயங்குதளம் மாறும்போது, நீண்ட காலம் ஒரே ஊரில் இருந்த தபால்காரர் மாற்றலாகிப்போய்ப் புதியவர் வருவதுபோல் ஆகிறது. வீடு அதே இடத்தில் இருக்கிறது, கதவிலக்கமும் அதேதான். சந்து எங்கே திரும்புகிறது என்பதுதான் வந்தவருக்குத் தெரியாது.

விண்டோஸ் அப்கிரேடில் பழைய டிரைவருக்கு என்ன நேரும் என்பது ஒவ்வொரு கணினியிலும் வேறுபடும். சிலவற்றில் அது அப்படியே புதிய அமைப்புக்குள் வந்துவிடும். சிலவற்றில் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ள வேறொரு பதிப்பை அதன் மேல் போட்டுவிடும். இன்னும் சிலவற்றில் டிரைவர் உள்ளே இருந்தும் இயங்க அனுமதி கிடைக்காது. விண்டோஸ் 11இல் 'கோர் ஐசொலேஷன்' என்ற பகுதியில் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்றொரு பாதுகாப்பு இருக்கிறது. கெர்னலுக்குள் ஓடும் ஒவ்வொரு நிரலையும் அது தனியே சோதிக்கிறது. நினைவகத்தைப் பழைய முறையில் கையாளும் டிரைவர்கள் அதன் சோதனையில் தேறாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து, பொருந்தாத டிரைவர்களின் பட்டியலில் உங்கள் ரீடரின் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பாதுகாப்பை அணைத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கார்டு ஸ்லாட்டுக்காக வங்கிக் கணக்கு திறக்கும் கணினியின் காவலைத் தளர்த்துவது சரியான பேரம் அல்ல. புதிய டிரைவரைத் தேடுவதே சரி. கிடைக்கும் வரை யுஎஸ்பி ரீடர் இருக்கவே இருக்கிறது.

இனி, அறுந்த இடத்தைத் தேடலாம். முதலில் தெரிய வேண்டியது, கணினிக்கு ரீடர் சிப் தெரிகிறதா என்பது. கார்டைப் பற்றிய பேச்சே இப்போது வேண்டாம்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'மெமரி டெக்னாலஜி டிவைசஸ்', 'எஸ்டி ஹோஸ்ட் அடாப்டர்ஸ்', 'யுஎஸ்பி கன்ட்ரோலர்ஸ்' என்ற தலைப்புகளில் ஏதோ ஒன்றின் கீழ் ரீடர் இருக்க வேண்டும். அங்கே மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால் அது நல்ல செய்தி. சிப் உயிரோடு இருக்கிறது, பேச்சு மட்டும் நின்றிருக்கிறது என்று பொருள். அதன் மேல் இருமுறை சொடுக்கினால் ஓர் எண் கிடைக்கும். கோடு 28 என்றால் டிரைவரே இல்லை. கோடு 10 என்றால் டிரைவர் இருந்தும் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. கோடு 43 என்றால் சாதனமே கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. இந்த எண்களைக் குறித்துக்கொள்ளாமல் இணையத்தில் கிடைக்கும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்களை நிறுவாதீர்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலைக் கொடுத்து, கார்டு ரீடருக்கான டிரைவரை எடுத்து நிறுவுவதே முறை. விண்டோஸ் அப்டேட்டின் விருப்பத் திருத்தங்கள் பகுதியிலும் சில நேரம் அது காத்திருக்கும். அப்கிரேடுக்குப் பிறகு டிரைவர் மாறியிருந்தால், அதே சாளரத்தின் டிரைவர் பக்கத்தில் உள்ள 'ரோல் பேக்' பொத்தான் பழையதைத் திரும்பக் கொண்டுவரும்.

ரீடர் பட்டியலிலேயே இல்லாவிட்டால் என்ன செய்வது? விஷயம் சுவாரசியமாவதே இங்கேதான். பயாஸில் ரீடர் அணைக்கப்பட்டிருக்கலாம். அலுவலக லேப்டாப்களில் தகவல் திருட்டைத் தடுக்க அப்படி ஓர் அமைப்பு இருக்கும், பயாஸ் அப்டேட்டில் அது மாறியிருக்கவும் கூடும். அதைப் பார்த்துவிடுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி மின்சேமிப்பு.

பேட்டரியில் ஓடும் கணினி, பயன்படாத எதையும் தூங்கவைக்கப் பார்க்கும். கார்டு இல்லாத ரீடர்தான் அதில் முதல் ஆள். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புக்கு ஆழ்ந்த தூக்க நிலைகள் பல உண்டு. அந்த நிலைகளில் இணைப்புக்குத் தரப்படும் 100 மெகாஹெர்ட்ஸ் ஆதாரக் கடிகாரத் துடிப்பையே நிறுத்திவிடலாம். சாதனத்துக்கு மறுபடி கடிகாரம் வேண்டுமென்றால், அதற்கென உள்ள ஒரு கம்பியின் மின்னழுத்தத்தைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். சில லேப்டாப்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்லாட் காலியாக இருந்தால் ரீடர் சிப்பின் மின்சாரத்தையே துண்டித்துவிடும். அப்போது கணினியின் பார்வையில் அப்படி ஒரு சாதனமே கிடையாது. கார்டைச் செருகியதும் சுவிட்ச் அழுந்தி, மின்சாரம் வந்து, 'புதிதாக ஒரு சாதனம் முளைத்திருக்கிறது' என்ற செய்தி இயங்குதளத்துக்குப் போக வேண்டும். புதிய இயங்குதளம் அந்தச் செய்தியைத் தவறவிட்டாலோ, தூங்கும் சிப்பை எழுப்பும் சரியான முறை அதற்குத் தெரியாவிட்டாலோ, ரீடர் தூங்கியபடியே கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நகல் எடுத்த ஒரு கார்டை முதலிலேயே செருகிவைத்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது கார்டு தெரிந்து, பிறகு கழற்றிச் செருகினால் தெரியாமல் போனால், கம்பியிலும் சிப்பிலும் குறையில்லை, எழுப்புவதில்தான் குறை. பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பகுதி இருந்தால் அதன் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ரீடருக்கு 'மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற பெட்டி இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் பிசிஐ தடத்தை மறுபடி தேடச் சொல்லும் ஒரு வரிக் கட்டளையே பல கணினிகளில் ரீடரை எழுப்பிவிடுகிறது.

ரீஸ்டார்ட் என்று குறிப்பிட்டுச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே 'ஷட் டவுன்' என்பது முழு நிறுத்தம் அல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கினால், கணினியை அணைக்கும்போது கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையை அப்படியே வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டும். குழம்பிய நிலையில் இருந்த டிரைவர் மறுநாள் காலையும் அதே குழப்பத்தோடு விழிக்கும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 'நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகலை' என்பவர்களில் பலர் ரீஸ்டார்ட் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தியிருக்க மாட்டார்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் முழு நிறுத்தம் கிடைக்கும்.

மின்சேமிப்பு எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு லினக்ஸ் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 2023இல் ரியல்டெக் கார்டு ரீடர் டிரைவரில் ஒரு திருத்தம் செய்தார்கள். தூக்க நிலைகளில் எழும் ஒரு கோளாறைப் போக்கவே அது செய்யப்பட்டது. மேலே சொன்ன கடிகாரம் கேட்கும் கம்பியைக் கையாளும் விதத்தை அது மாற்றியது. கெர்னலின் நிலையான பதிப்புகளுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. அப்டேட் செய்த சில கணினிகள் அதன்பின் தொடங்கவே இல்லை. கார்டு ரீடரின் டிரைவரில் கைவைத்ததற்கு, அந்தக் கணினிகளில் இயங்குதளம் இருக்கும் என்விஎம்இ வட்டு பதில் சொல்லாமல் போயிற்று. யாரும் கார்டே செருகாத கணினிகளில்கூட இது நடந்தது. பிறகு மறு திருத்தம் வந்து அது சரியானது. இந்த நிகழ்ச்சியை ரீடர் கோளாறால் தவிக்கும் யாருக்கும் நான் நினைவூட்டுவேன். கணினிக்குள் எதுவும் தனித்து நிற்பதில்லை. மூலைச் சிப் ஒன்றின் மின்சேமிப்பு அமைப்பு, முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடக்கூடியது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரே நேரத்தில் பத்து அமைப்புகளை மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ரீடர் சிப் பட்டியலில் ஒழுங்காக இருக்கிறது, மஞ்சள் முக்கோணமும் இல்லை, ஆனாலும் கார்டு வரவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். சிப்புக்குக் கார்டு தெரிகிறதா?

கார்டைச் செருகிய கணத்தில் நடப்பது அழகான ஓர் உரையாடல். எஸ்டி கார்டு என்பது வெறும் நினைவகத் தகடு அல்ல. அதற்குள்ளும் ஒரு சிறு கணினி இருக்கிறது. ரீடர் முதலில் 3.3 வோல்ட் கொடுத்து, 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாத மிக மெதுவான கடிகாரத்தில் பேச்சைத் தொடங்குகிறது. வந்திருப்பது எந்தக் காலத்துக் கார்டு என்று அதற்குத் தெரியாது, எல்லோருக்கும் புரியும் வேகத்தில்தான் தொடங்க வேண்டும். சுழியாம் கட்டளையில் கார்டு தன்னைத் துடைத்துக்கொண்டு ஆரம்ப நிலைக்கு வருகிறது. எட்டாம் கட்டளையில் ரீடர் ஒரு மின்னழுத்த அளவையும் ஒரு சோதனை எண்ணையும் அனுப்புகிறது. 2006இல் வந்த இரண்டாம் பதிப்புத் தரமும் அதற்குப் பிந்தையவையும் அறிந்த கார்டு, அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய கார்டுகள் பதில் சொல்லாமல் இருக்கும். அந்த மௌனத்திலிருந்தே இது பழைய கார்டு என்று ரீடர் புரிந்துகொள்கிறது. பிறகு 'தயாரா, தயாரா' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. கார்டுக்கு ஒரு நொடி வரை அவகாசம் உண்டு. தயாரானதும் கார்டு தன் தயாரிப்பாளர் எண், வரிசை எண், பிறந்த ஆண்டு, மாதம் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டுத் தனக்கென ஒரு முகவரியைச் சொல்கிறது. அதன் பிறகே வேகம் கூடுகிறது.

இந்த உரையாடல் பாதியில் நின்றால் லினக்ஸின் கெர்னல் பதிவேடு அதை ஒளிக்காமல் சொல்லிவிடும். 'எஸ்டி கார்டைத் தொடங்குகையில் பிழை -110' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், கேட்ட கேள்விக்கு உரிய நேரத்துக்குள் பதில் வரவில்லை. -84 என்றால் பதில் வந்தது, ஆனால் சிதைந்து வந்தது. முன்னதற்கு மின்சாரம் போகாததோ தொடுமுனை ஒட்டாததோ காரணமாகலாம். பின்னதற்கு அழுக்கும் தளர்வும் மிகை வேகமும் காரணமாகலாம். விண்டோஸ் பயனருக்கு இந்த அளவு வெளிப்படையான தகவல் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து நிறுவாமலேயே தொடங்கிப் பார்ப்பது நல்ல சோதனை. அதில் கார்டு தெரிந்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது, பிரச்சினை விண்டோஸின் டிரைவரில்தான் என்பது உறுதி. இரண்டிலும் தெரியாவிட்டால்தான் ஸ்லாட்டையும் சிப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

வேகமான கார்டுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. யுஎச்எஸ்-1 வேகத்துக்கு மாறும்போது ரீடரும் கார்டும் பேசும் மின்னழுத்தத்தை 3.3இலிருந்து 1.8 வோல்ட்டுக்கு இறக்கிக்கொள்கின்றன. இறங்கிய கார்டு, மின்சாரம் முழுதாக அற்று மறுபடி வந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். கணினி தூங்கி விழித்தபோது டிரைவர் கார்டின் மின்சாரத்தை ஒழுங்காகத் துண்டிக்காமல் உரையாடலை 3.3இல் மறுபடி தொடங்கினால், இருவரும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். கார்டைக் கழற்றிச் சில நொடி விட்டுச் செருகினால் சரியாகிற கோளாறுகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. தூங்கி எழுந்த பிறகு மட்டும் கார்டு காணாமல் போகிறது என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

தொடுமுனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார்டின் பொன்னிறத் தகடுகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் ஊசியையோ ஈரத்தையோ கொண்டுபோகாதீர்கள். மைக்ரோ எஸ்டி கார்டுக்கு அடாப்டர் போட்டிருந்தால், வேறொரு அடாப்டரில் மாற்றிப் பாருங்கள். பழுதாவது அநேகமாக அந்த மலிவுப் பிளாஸ்டிக்தான்.

மிகப் பழைய லேப்டாப் ஒன்றில் புதிய இயங்குதளம் போட்டுவிட்டுப் புதிய பெரிய கார்டையும் செருகுகிறவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. முதல் தலைமுறை எஸ்டி கார்டுகளில், 32 பிட் முகவரி ஒவ்வொரு பைட்டையும் எண்ணியது. அதனால் அது 4 ஜிபிக்கு மேல் போகவே முடியாது. தரம் 2 ஜிபியிலேயே நின்றுகொண்டது. எஸ்டிஎச்சி கார்டுகள் அதே 32 பிட்டை 512 பைட் கொண்ட கட்டங்களை எண்ணப் பயன்படுத்தின. 4,29,49,67,296 கட்டங்களை 512ஆல் பெருக்கினால் 2 டெராபைட். அதே முறையைத் தொடர்ந்த எஸ்டிஎக்ஸ்சி வகையின் உச்ச வரம்பு ஏன் சரியாக 2 டெராபைட் என்பதற்கு விடை இதுதான். பைட்டை எண்ணத் தெரிந்த பழைய ரீடருக்குக் கட்டத்தை எண்ணும் கார்டு புரியாது. எந்த இயங்குதளத்தை ஏற்றினாலும் பெரும்பாலும் அது மாறாது. அங்கே பழுது எதுவும் இல்லை, தலைமுறை இடைவெளிதான் இருக்கிறது.

கடைசிக் கட்டம், கார்டில் எழுதியிருப்பது இயங்குதளத்துக்குப் புரிகிறதா என்பது. பயனர்கள் அதிகம் பதறுவது இங்கேதான். ஆனால் பதற்றத்துக்குக் காரணம் குறைவு. 'இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால், அதற்கு முன் நாம் பார்த்த எல்லாக் கட்டங்களும் வெற்றிகரமாக முடிந்துவிட்டன என்று பொருள். சிப் இருக்கிறது, கார்டு பேசுகிறது, தகவல் வருகிறது, அந்தத் தகவலின் அமைப்பைத்தான் விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை. ராஸ்ப்பெரி பை போன்ற கருவியில் ஓடிய கார்டென்றால், அதில் உள்ள லினக்ஸ் பகுதி விண்டோஸுக்குப் புரியாமல் இந்தக் கேள்வி எழுவது முற்றிலும் இயல்பு. பெரிய கார்டுகள் பயன்படுத்தும் எக்ஸ்ஃபேட் அமைப்பின் முழு விவரத்தை மைக்ரோசாப்ட் 2019இல்தான் வெளியிட்டது. அதற்கு முந்தைய லினக்ஸ் பதிப்புகளில் கூடுதல் மென்பொருள் நிறுவினால் தவிர அந்தக் கார்டுகள் திறக்காது. ஃபார்மட் செய்யச் சொல்லும் விண்டோஸின் கேள்விக்கு ஒரே பதில் 'கேன்சல்'. தவறிப்போய் ஃபார்மட் கொடுத்துவிட்டாலும் கார்டை உடனே எடுத்துத் தனியே வையுங்கள். விரைவு ஃபார்மட் பெரும்பாலும் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது. மேலே வேறொன்றும் எழுதாதவரை, கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாக வழங்கும் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் படங்களை மீட்டுவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எந்தச் செய்தியும் இல்லாமல் கார்டு மறைந்தே இருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். அங்கே அது டிரைவ் எழுத்து இல்லாமல் காத்துக்கொண்டிருக்கலாம். ஓர் எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. லினக்ஸில் இதற்கு இணையான குழப்பம் ஒன்று முன்பு நடந்தது. 2013 வாக்கில் ரியல்டெக் ரீடர்களுக்குப் புதிய டிரைவர் கெர்னலில் சேர்ந்தபோது, அதுவரை சாதாரண வட்டின் பெயரில் தோன்றிவந்த கார்டு எம்எம்சி என்று தொடங்கும் வேறு பெயரில் தோன்ற ஆரம்பித்தது. கார்டு நன்றாகவே படிக்கப்பட்டது. பழைய பெயரை எழுதிவைத்திருந்த நிரல்கள்தான் அதைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தன.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ரீடர் எழாவிட்டால், அப்கிரேட் செய்து பத்து நாள் ஆகாதிருக்கும் பட்சத்தில் விண்டோஸ் செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இன்னும் திறந்திருக்கும். ஆனால் ஒரு கார்டு ஸ்லாட்டுக்காக ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்குத் திரும்பிப் போவதை விட, யுஎஸ்பி ரீடரை நிரந்தரமாக ஏற்றுக்கொள்வதே அறிவான முடிவு என்பது என் கருத்து. அது தோல்வி அல்ல. பொதுத் தரத்தில் பேசும் கருவியை நம்புவது எப்போதும் நீடிக்கும் ஏற்பாடு.

இனி அப்கிரேட் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே டிவைஸ் மேனேஜரைத் திறந்து உங்கள் கார்டு ரீடரின் பெயரையும் டிரைவர் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை ஒரு பென் டிரைவில் இறக்கி வையுங்கள். பழைய மாடல்களின் பக்கங்கள் காலப்போக்கில் மறைந்துவிடுவது வழக்கம். கார்டில் உள்ள படங்களை அப்கிரேடுக்கு முந்தைய நாளே வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.